வசதியும் பொருத்தமும்: வரலாற்றுப் புதினத்தில் பயன் கருதிய மணத்தின் மொழி

1. முன்னுரை

ஆங்கில வரலாற்றுக் காதல் புதினங்களில் மீண்டும் மீண்டும் கையாளப்படும் கதைக்கருக்களுள் ஒன்று, காதலின்றிப் பயன் கருதிச் செய்துகொள்ளப்படும் திருமணமாகும். சொத்தைக் காப்பதற்கோ கடனைத் தீர்ப்பதற்கோ குடிப்பெருமையை நிலைநிறுத்துவதற்கோ இருவர் மணந்துகொள்கின்றனர். மணத்திற்குப் பின்னரே அவர்களிடையே அன்பு அரும்புகிறது. ஜார்ஜட் ஹேயர் 1934இல் வெளியிட்ட 'தி கன்வீனியண்ட் மேரேஜ்', 1961இல் வெளியிட்ட 'எ சிவில் காண்ட்ராக்ட்' ஆகிய புதினங்கள் இவ்வகைக்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டுகள்.

தமிழ் வரலாற்றுப் புதினத்திலும் இக்கரு உண்டு. கல்கி 1944 முதல் 1946 வரை தொடராக எழுதிய 'சிவகாமியின் சபத'த்தில் மாமல்லன் ஆடலரசி சிவகாமியைக் காதலிக்கிறான். ஆனால் பாண்டிய குமாரி வானமாதேவியை மணக்கிறான். 1950இல் தொடங்கி 1954இல் நிறைவுற்ற 'பொன்னியின் செல்வ'னில் இளம் வயதினளாகிய நந்தினி, அறுபது வயதைக் கடந்த பெரிய பழுவேட்டரையரை மணக்கிறாள். முன்னது அரசின் நலன் கருதியது. பின்னது பழிதீர்க்கும் நோக்கம் கொண்டது. இரண்டும் பயன் கருதிய மணங்களே என்பதில் ஐயமில்லை. ஆயினும் தமிழ் வாசகர் எவரும் இவற்றை அப்படியொரு வகைப்பெயரால் சுட்டுவதில்லை. சிவகாமியின் சோகம் என்றும் நந்தினியின் வஞ்சம் என்றும்தான் இவை நினைவுகூரப்படுகின்றன.

இவ்வேறுபாடு இலக்கியச் சுவை பற்றியது மட்டுமன்று. மொழியமைப்புப் பற்றியதும் ஆகும். ஆங்கிலம் பெயர்ச்சொல்லால் குறிக்கும் ஒரு கருத்தைத் தமிழ் வினைகளிடையே பங்கிட்டு வைத்துள்ளது. பெயரைத் தேடும் மொழிபெயர்ப்பாளர் வினையைக் கைநழுவ விடுகிறார். இக்கருத்தை மேற்கண்ட புதினங்களைக் கொண்டு நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம். தெலுங்கோடு ஒப்பிடுமிடத்து, இரு மொழிகளும் அருகருகே வழங்கும் சத்தியவேட்டுப் பகுதி நிலைக்களமாகக் கொள்ளப்படுகிறது.

2. பெயர்ச்சொல்லின் சிக்கல்

இவ்வகை மணத்தைக் குறிக்கும் ஆங்கிலத் தொடர் பிரெஞ்சு வழியே வந்தது. பிரெஞ்சில் அத்தொடரின் இறுதியில் நிற்கும் 'கோன்வெனான்ஸ்' என்னும் சொல்லுக்குத் தகுதி, ஒப்புமை, முறைமை என்பன பொருள். இரு குடும்பங்களின் நிலையும் செல்வமும் ஒத்திருத்தலையே அது முதற்கண் சுட்டியது. ஆங்கிலத்தில் அதே வேரிலிருந்து வந்த சொல் நாளடைவில் வசதி, சௌகரியம் என்னும் பொருளில் நிலைபெற்றுவிட்டதால் தொடரின் பொருளும் சாய்ந்தது. ஒத்த குடும்பங்களின் உறவு என்பது பின்னுக்குச் சென்று, தன்னலக் கணக்கு என்பது முன்னுக்கு வந்தது.

இத்தொடரைத் தமிழில் 'வசதித் திருமணம்' என்றோ 'வசதிக்கான திருமணம்' என்றோ சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதில் இரட்டைத் தவறு நேர்கிறது. முதலாவது, ஆங்கிலத்தில் ஏற்பட்ட பொருட்சாய்வு அப்படியே தமிழுக்குள் புகுகிறது. இரண்டாவது, தமிழில் திருமணப் பேச்சின் சூழலில் 'வசதி' என்னும் சொல்லுக்கு ஏற்கெனவே வேறொரு பொருள் உண்டு. 'வசதியான இடம்' என்றால் பணக்காரக் குடும்பம் என்பதே பொருள். எனவே 'வசதித் திருமணம்' என்பதைப் படிக்கும் தமிழர் செல்வர் வீட்டுச் சம்பந்தம் என்றே முதலில் கொள்வர். 'எ சிவில் காண்ட்ராக்ட்' புதினத்தில் கடனில் மூழ்கிய பிரபு ஆடம் டெவரில் பெருவணிகரின் மகள் ஜென்னியை மணப்பதால் அங்கு இப்பொருள் தற்செயலாகப் பொருந்திவிடும். 'தி கன்வீனியண்ட் மேரேஜ்' புதினத்தில் அது முழுமையாகப் பொருந்தாது. அங்குக் கதைத்தலைவி ஹொரேஷியா, வேறொருவரைக் காதலிக்கும் தன் தமக்கையைக் காப்பதற்காக, அவளைப் பெண் கேட்ட பிரபுவிடம் தானே சென்று தன்னை மணக்குமாறு கேட்கிறாள். குடும்பத்தின் பணமுடை பின்னணியில் இருப்பினும் கதையை இயக்குவது தங்கையின் அத்துணிவே.

தமிழில் இப்பொருளுக்கு அணுக்கமான சொற்கள் இல்லாமற் போகவில்லை. பேச்சு வழக்கில் 'தோதான இடம்', 'தோதான சம்பந்தம்' என்பன உண்டு. தோது என்பதில் தகுதியும் உண்டு, எளிதாக அமைதலும் உண்டு. எழுத்து வழக்கில் 'பொருத்தம்' உண்டு. பிரெஞ்சுச் சொல்லின் மூலமாகிய இலத்தீன் வினைக்கு ஒன்றுகூடுதல், பொருந்துதல் என்பன பொருள். தமிழ்ச் சொல்லும் பொருந்து என்னும் வினையடியிலிருந்தே பிறக்கிறது. சாதகப் பொருத்தம், குடிப்பொருத்தம், மனப்பொருத்தம் என அடைபெற்று விரியும் இச்சொல், ஒத்த இரண்டைச் சேர்த்தல் என்னும் மூலப்பொருளை இன்றும் இழக்கவில்லை. எனினும் ஒரு தடை உண்டு. தோது, பொருத்தம் ஆகிய இரண்டும் தமிழில் பாராட்டுச் சொற்கள். ஆங்கிலத் தொடரில் உள்ள குறைகூறும் தொனி இவற்றில் இல்லை. அத்தொனி ஏன் இல்லை என்பது அடுத்து ஆராயத்தக்கது.

3. அடைபெற்றதும் அடைபெறாததும்

இணையான இரு கருத்துகளுள் ஒன்று இயல்பானதாகக் கருதப்பட்டு அடையின்றி நிற்க, மற்றது அடைபெற்று வருவது மொழியியலார் நன்கறிந்த உண்மை. தற்கால ஆங்கிலத்தில் திருமணம் என்ற அளவில் சொன்னால் இருவர் விரும்பிச் செய்துகொண்டது என்பதே கொள்ளப்படும். பெற்றோர் ஏற்பாடு செய்ததற்கும் பயன் கருதியதற்கும் அடை வேண்டும். தமிழில் இது தலைகீழாக உள்ளது. 'திருமணம்' என்ற அளவில் சொன்னால் குடும்பத்தார் பார்த்துச் செய்தது என்பது அடங்கிவிடும். அடை வேண்டுவது 'காதல் திருமண'த்திற்கே. 'பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டபடி' என்று திருமண அழைப்பிதழ்களில் இன்றும் அச்சிடப்படும் தொடர் கூடுதல் செய்தி எதையும் தருவதற்காக அமைந்ததன்று. இயல்பை உறுதிசெய்யும் மரபுத் தொடர் அது.

இதன் விளைவு மொழிபெயர்ப்பில் பெரிது. ஹேயரின் கதைகளில் காதலற்ற மணம் என்பதே வியப்புக்குரிய தொடக்கம். கதையின் உந்துவிசை அதுவே. அதனைத் தமிழில் தரும்போது, முன்பின் பழகாத இருவர் குடும்பக் காரணத்திற்காக மணந்து, பின்னர் ஒருவரையொருவர் அறிந்து அன்புகொள்வது என்பது பெரும்பாலான வாசகருக்குத் தம் பாட்டன் பாட்டியின் கதையாகவே தோன்றும். அதில் வியப்பில்லை. மூலத்தில் அடைபெற்று நின்ற கரு, பெயர்ப்பில் அடையற்றதாகிக் கதையின் விசை தளர்ந்துவிடுகிறது.

கதையமைப்பிலும் இதே தலைகீழ் நிலையைக் காணலாம். ஹேயரிடம் பயன் கருதிய மணம் கதையின் தொடக்கப் பகுதியில் நிகழ்கிறது; அன்பு பின்னர் வருகிறது. கல்கியிடம் அன்பு கதையின் தொடக்கத்தில் உள்ளது. பயன் கருதிய மணம் அதன் குறுக்கே வருகிறது. முன்னதில் மணம் ஒரு வாயில். பின்னதில் மணம் ஒரு மதில். களவில் தொடங்கிக் கற்பில் முடிவதை இலக்கணமாகக் கொண்ட தமிழ் அகமரபில் பயின்ற வாசகருக்கு, களவு ஓரிடத்திலும் கற்பு வேறோரிடத்திலும் அமைவதே துயரம். ஆகவே தமிழில் இக்கரு துன்பியலாக மலர்வதற்கு ஆசிரியரின் மனப்போக்கை மட்டும் காரணமாகக் கூறிவிட இயலாது.

4. வினைகளின் பங்கீடு

பெயரில் இல்லாத வேறுபாடு தமிழில் எங்கே உள்ளது? அது வினையில், சிறப்பாகத் துணைவினையில் உள்ளது. ஒரே நிகழ்ச்சியை மூன்று வாக்கியங்களில் கூறிப் பார்க்கலாம்.

(அ) மாமல்லன் வானமாதேவியை மணந்துகொண்டான்.
(ஆ) மாமல்லனுக்கு வானமாதேவியை மணம் செய்து வைத்தார்கள்.
(இ) மாமல்லனுக்கும் வானமாதேவிக்கும் திருமணம் நடந்தது.

முதல் வாக்கியத்தில் 'கொள்' என்னும் துணைவினை செயலின் பயனை எழுவாயிடமே திருப்புகிறது. மாமல்லனின் விருப்பமும் பொறுப்பும் அதில் அடங்குகின்றன. இரண்டாவதில் 'வை' என்னும் துணைவினை செயலைப் பெரியோரிடம் ஒப்படைத்து, மாமல்லனை நான்காம் வேற்றுமைக்குத் தள்ளுகிறது. மூன்றாவதில் செய்வோர் எவரும் இல்லை; நிகழ்ச்சி தானே நிகழ்ந்ததாக அமைகிறது. காதலியைக் கைவிட்டவன் என்று மாமல்லனைக் குறைகூறுவோர் முதல் வாக்கியத்தையும், அரச கடமைக்குக் கட்டுப்பட்டவன் என்று அவனுக்காக வாதிடுவோர் இரண்டாவதையும் இயல்பாகவே கையாளுவர். வாதம் தொடங்கும் முன்னரே வினைமுற்று தீர்ப்பு வழங்கிவிடுகிறது. ஆங்கிலத்தின் ஒற்றை வினை முதல் வாக்கியத்திற்கும் மூன்றாவதற்கும் பொதுவாக நிற்பதால், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வருபவர் ஒவ்வோரிடத்திலும் இம்மூன்றனுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குச் செல்பவர் இத்தேர்வின் சுவட்டை வேறு வழியில் காக்கவேண்டும்.

பெண்ணை எழுவாயாகவோ செயப்படுபொருளாகவோ கொள்ளும் வினைகளில் பங்கீடு இன்னும் நுட்பமாக உள்ளது. 'பெண் கொடு', 'கட்டிக்கொடு' ஆகியவை பெண் வீட்டாரை எழுவாயாகக் கொள்வன. மகளைக் கட்டிக்கொடுத்தான் என்பது வழக்கு; மகனைக் கட்டிக்கொடுத்தான் என்பது வழக்கன்று. 'பெண் எடு' என்பது மணமகன் வீட்டாருக்கு உரியது. 'தாலி கட்டு' என்பதற்கு எழுவாய் ஆண். 'வாழ்க்கைப்படு' என்பதற்கு எழுவாய் பெண் மட்டுமே. அவள் அவனுக்கு வாழ்க்கைப்பட்டாள் என்பது உண்டு. அவன் அவளுக்கு வாழ்க்கைப்பட்டான் என்பது இல்லை. அவ்வினையில் நிற்கும் 'படு', அடிபடு, துன்பப்படு என்பவற்றில் உள்ளதைப் போலவே, ஒன்றுக்கு ஆட்படுதலைக் காட்டுகிறது. 'கழுத்தை நீட்டு' என்னும் மரபுத்தொடர் இன்னும் ஒரு படி மேற்சென்று, மனமின்றியும் இசைந்த பெண்ணின் நிலையைச் சொல்லிவிடுகிறது. ஆங்கிலம் தனிப் பெயர்கொடுத்து விளக்கும் மணத்தைத் தமிழ் இத்தொடர் ஒன்றினாலேயே, அதுவும் பெண்ணின் பக்கத்திலிருந்து, உணர்த்திவிட வல்லது.

இவ்வினைகளுக்குத் தொன்மையும் உண்டு. பாரி இறந்தபின் அவன் மகளிரைக் கபிலர் விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் அழைத்துச் சென்று மணம் பேசியதைப் புறநானூற்றின் 200, 201, 202 ஆம் பாடல்கள் வழியே அறிகிறோம். புலவர் தருபவராக நிற்கிறார். வேளிர் கொள்பவராக அழைக்கப்படுகின்றனர். தருதலுக்கும் கொள்ளுதலுக்கும் நடுவே நிற்கும் அப்பெண்கள் அங்குப் பேசுவதில்லை. மகட்கொடை மறுக்கப்பட்டால் போர் மூளும் என்பதை மகட்பாற்காஞ்சி என்னும் துறை காட்டுகிறது. மணமும் போரும் ஒரே இலக்கண இயலுள் வைக்கப்பட்ட மரபு இது.

5. 'சிவகாமியின் சபதம்': நிகழாமல் நிகழ்ந்த மணம்

இப்பின்னணியில் கல்கியின் புதினத்தை அணுகலாம். வாதாபிச் சளுக்கியரோடு பெரும்போர் காத்திருக்கும்போது பாண்டியரின் நட்பு பல்லவருக்கு இன்றியமையாதது. ஆகவே மகேந்திர பல்லவர் தம் இறுதிக் காலத்தில் பாண்டிய குமாரியை மணக்குமாறு மகனை வேண்டுகிறார். அவ்வேளையில் சிவகாமி வாதாபியில் சிறைப்பட்டிருக்கிறாள். தன்னை மீட்க வந்த மாமல்லனோடு திரும்ப மறுத்து, வாதாபி எரியுண்ட பின்னரே வெளியேறுவதெனச் சபதம் செய்தவள் அவள். காதலியின் சபதத்தை நிறைவேற்றப் படை வேண்டும். படை வெல்லத் தெற்கெல்லையில் அமைதி வேண்டும். அமைதிக்கு வானமாதேவியை மணக்கவேண்டும். அதாவது சிவகாமியை மீட்பதற்குரிய வழியே சிவகாமியை இழப்பதற்குரிய வழியாகவும் அமைகிறது. பயன் கருதிய மணம் என்னும் கருவை இத்துணை இறுக்கமாக முடிச்சிட்ட தமிழ்ப் புதினம் பிறிதொன்றைக் காண்பது அரிது.

ஆனால் அம்மணச் சடங்கு நம் கண்முன் நிகழ்வதில்லை. தந்தையின் வேண்டுகோளைக் காண்கிறோம். மகனின் தயக்கத்தைக் காண்கிறோம். பின்னர் ஆண்டுகள் கடந்துவிடுகின்றன. நான்காம் பாகமாகிய 'சிதைந்த கனவு' விரியும்போது வானமாதேவி பட்டத்தரசியாகவும் இரு குழந்தைகளின் தாயாகவும் இருக்கிறாள். மேலே காட்டிய மூன்று வாக்கியங்களுள் மூன்றாவதன் அமைப்பே இங்குக் கதையின் அமைப்பாகிவிடுகிறது. மணம் செய்துகொள்ளப்படவில்லை, செய்துவைக்கப்படவும் இல்லை; நடந்துவிட்டது. செய்தவனைச் சுட்டாத இவ்வமைப்பினால் கல்கி மாமல்லனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் காக்கிறார். சிவகாமியோ காஞ்சிக்குத் திரும்பிய பின்னரே அம்மணத்தை அறிகிறாள். வாசகர் முன்னரே அறிந்ததை அவள் அறியாதிருக்கும் இடைவெளியில்தான் நான்காம் பாகத்தின் அவலம் முழுவதும் தங்கியுள்ளது.

இவ்வமைப்புக்குப் புறக்காரணம் ஒன்றும் உண்டு. காலத்தால் பிந்திய கதையைக் கூறும் 'பார்த்திபன் கனவு' எழுதப்பட்டதில் முந்தியது; 1940களின் தொடக்கத்தில் அது தொடராக வந்துவிட்டது. மாமல்லரின் மகள் குந்தவி அதன் கதைத்தலைவி. எனவே 'சிவகாமியின் சபத'த்தைத் தொடங்கும்போதே மாமல்லன் மணந்தாகவேண்டும், மக்களைப் பெற்றாகவேண்டும் என்பது ஆசிரியருக்கு விதிக்கப்பட்டிருந்தது. வானமாதேவியின் மணம் பல்லவ அரசுக்கு மட்டுமன்றிக் கல்கியின் கதைத்தொடர்ச்சிக்கும் பயன் கருதியதாகவே அமைந்தது எனலாம்.

குறை எனச் சுட்டத்தக்கது வானமாதேவியின் நிலை. அவள் அன்புடையவள், கணவனின் நலன் நாடுபவள், சிவகாமியின் நினைவைக் கண்டு அஞ்சுபவள். ஆனால் எந்த முடிவும் அவளுடையதன்று. வினைகளின் மொழியில் கூறினால், அவள் 'கொடு' என்பதன் செயப்படுபொருள். 'வாழ்க்கைப்படு' என்பதன் எழுவாய். அதற்குமேல் எதற்கும் அவள் எழுவாயாவதில்லை. சிவகாமியின் நிலை வேறு. இறுதியில் ஏகாம்பரநாதரையே தன் தலைவனாக அவள் ஏற்கிறாள். கொடுப்பாரும் இன்றி, செய்துவைப்பாரும் இன்றி, தானே வரித்த மணம் அது. 'வரி' என்னும் வினைக்கு இப்புதினத்தில் எழுவாயாகும் தகுதி பெற்றவள் அவள் ஒருத்தியே. துன்பியல் முடிவு எனப் பொதுவாகக் கூறப்படும் அவ்விடம், வினை நோக்கில் பார்க்கும்போது அவளுடைய தன்னுரிமையின் இடமுமாகிறது. சிவகாமி ஏற்றதையும் வானமாதேவி ஆட்பட்டதையும் ஒரே ஆங்கில வினையால் பெயர்க்கும் மொழிபெயர்ப்பு, புதினத்தின் நடுநாடியை அறுத்துவிடும்.

இவ்விடத்தில் ஹேயரின் ஜென்னியை நினைவுகூரலாம். கணவன் வேறொருத்தியைக் காதலித்ததை அறிந்தே மணந்தவள் அவளும். அவளுடைய இல்லப் பராமரிப்பையும் அன்றாடப் பழக்கங்களையும் சிறுசிறு விட்டுக்கொடுத்தல்களையும் விரித்துக்கூறி, அவளையே கதையின் மையமாக்கிவிடுகிறார் ஹேயர். ஓங்கிய காதலுக்கு மாற்றாக அமைதியான பற்று ஒன்று இறுதியில் நிலைபெறுகிறது. வானமாதேவியின் பக்கத்திலிருந்து 'சிவகாமியின் சபத'த்தை எழுதியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய புதினம் அது. தமிழ் வரலாற்றுப் புதினம் அவ்வழியில் பெரிதும் செல்லவில்லை.

6. நந்தினி: உறவுமுறை என்னும் கருவி

'பொன்னியின் செல்வ'னில் இந்நிலை மாறுகிறது. இங்குப் பயன் கருதுபவள் பெண். வீரபாண்டியனின் கொலைக்குப் பழிவாங்கச் சோழ அரசின் நடுவிடத்தை அடையவேண்டும். அதற்கு வாயிலாக, அறுபத்து நான்கு விழுப்புண் பெற்ற பெருவீரரும் தனாதிகாரியுமாகிய முதியவரை நந்தினி மணக்கிறாள். விரதத்தைக் காரணம் காட்டி அவரைத் தன்னிடமிருந்து விலக்கியும் வைக்கிறாள். 'மணந்துகொள்' என்பதன் 'கொள்' முழுப்பொருளோடு அவளுக்கே உரியதாகிறது. பழுவேட்டரையர் தாம் மணந்துகொண்டதாக நம்புகிறார். உண்மையில் அவர் கொள்ளப்பட்டவர். எழுவாயும் செயப்படுபொருளும் இடம் மாறி நிற்பதை ஊர் அறிந்திருக்க, அவர் மட்டும் அறியாதிருப்பதே அப்பாத்திரத்தின் அவலம்.

மொழிபெயர்ப்பாளர் கூர்ந்து நோக்கவேண்டிய பிறிதொன்று உறவுமுறை. வயதாலும் மணத்தொடர்பாலும் சோழ இளவரசர்க்குப் பாட்டன் நிலையில் வைத்து எண்ணப்படுபவர் பழுவேட்டரையர். அவரை மணந்ததால், ஆதித்த கரிகாலன் ஒருகாலத்தில் காதலித்த பெண் அவனுக்குப் பாட்டி முறையாகிவிடுகிறாள். காதலுரிமை முற்றாக அடைக்கப்பட்டு, அதேவேளையில் மதிப்புரிமை திறக்கப்படுகிறது. ஒரே மணத்தால் நந்தினி தனக்கு அரணையும் அவனுக்குச் சித்திரவதையையும் ஒருங்கே அமைத்துக்கொள்கிறாள். 'இளையராணி' என்னும் பட்டமும் இத்தகையதே. அது கணவனின் பதவியைச் சுட்டுமேயன்றி உறவைச் சுட்டாது. உறவுப்பெயரால் விளிப்பார் யார், பட்டத்தால் விளிப்பார் யார் என்பதைக் கொண்டே அவளோடு ஒருவர் எத்துணை நெருக்கத்தில் நிற்கிறார் என்பதை அளந்துவிடலாம். ஆங்கிலத்தில் பாட்டி என்பது வயதை மட்டும் காட்டும், முறையைக் காட்டாது. திராவிட மொழிகளில் முறை என்பது வயதை விஞ்சியது.

7. சத்தியவேட்டிலிருந்து நோக்கினால்

திராவிட மொழி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும்போது இச்சிக்கல்கள் மறைந்துவிடுமா? இவ்வினாவுக்குச் சத்தியவேட்டுப் பகுதி உகந்த சோதனைக்களம். சென்னை மாநிலத்தின் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இப்பகுதி, 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் முதல் நாள் ஆந்திரப் பிரதேசத்திற்கு மாறியது. திருத்தணி அதே ஏற்பாட்டில் தமிழகத்திற்கு வந்தது. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த சத்தியவேடு, 2022இல் உருவான திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. எல்லைக்கோடு இடம் மாறினாலும் கொள்வினை கொடுப்பினை அக்கோட்டைக் கடந்தே நிற்கிறது. ஒரே வீட்டில் மாமியார் 'கோடலு' என்பதும் மருமகள் 'அத்தை' என்பதும் இத்தகைய இருமொழிப் பகுதியில் புதுமையன்று.

தெலுங்கிலும் மணவினை பிரிந்தே நிற்கிறது. 'பெள்ளி சேஸுகொன்னாடு' என்றால் தானே மணந்துகொண்டான். 'பெள்ளி சேஸாரு' என்றால் பெரியோர் செய்துவைத்தனர். தமிழின் 'கொள்' போலவே தெலுங்கின் 'கொனு' பயனை எழுவாயிடம் திருப்புகிறது. ஆனால் செய்துவைத்தலைக் காட்டத் தமிழ் 'வை' என்னும் துணைவினையைச் சேர்க்கிறது. தெலுங்கோ 'கொனு'வை விலக்கியே அதனைக் காட்டிவிடுகிறது. ஒரு மொழியில் இருப்பால் உணர்த்தப்படுவது மற்றதில் இன்மையால் உணர்த்தப்படுகிறது. 'செய்து வைத்தார்கள்' என்பதில் உள்ள 'வை', செய்துமுடித்து மாற்றவியலாதபடி நிறுவியதையும் குறிப்பாக உணர்த்தும். 'பெள்ளி சேஸாரு' என்பதில் அக்குறிப்பு இல்லை. மாமல்லனின் நிலையைத் தெலுங்கில் தருபவர் அதனைச் சூழலால் ஈடுசெய்தாக வேண்டும். பெண்ணைக் கொடுத்த மாமனாரைப் 'பில்லனிச்சின மாம' எனக் கூறுவதில் இரு மொழிகளும் ஒன்றுபடுகின்றன.

பெயர்ச்சொல்லில் தெலுங்கிற்கு ஒரு செல்வம் உண்டு. மணத்தால் இரு குடும்பங்களிடையே ஏற்படும் உறவுக்கு 'விய்யம்' என்று பெயர், சம்பந்தி 'விய்யங்குடு'. 'கய்யானிகைனா விய்யானிகைனா சமவுஜ்ஜீ உண்டாலி' என்பது அங்கு வழங்கும் பழமொழி. சண்டைக்காயினும் சம்பந்தத்துக்காயினும் ஈடானவர் வேண்டும் என்பது இதன் பொருள். மகட்பாற்காஞ்சி இலக்கணத்தால் இணைத்த போரையும் மணத்தையும் இப்பழமொழி எதுகையால் இணைத்துவிடுகிறது. பிரெஞ்சுச் சொல்லின் மூலப்பொருளாகிய ஒப்புமையும் இதில் அடங்குகிறது. மகேந்திரர் வேண்டியது மகனுக்கு மனைவியை அன்று, பாண்டியரோடு விய்யத்தையே என்று தெலுங்கில் எளிதாகக் கூறிவிடலாம். தமிழில் 'சம்பந்தம்' என்பது இதற்கு அணுக்கமானது. ஆயினும் அது தொடர்பு என்னும் பொதுப்பொருளிலும் வழங்குவதால் கூர்மை குறைகிறது.

அரசியல் மணம் எவ்வாறு உறவுமுறையாக மாறுகிறது என்பதற்கும் இவ்வடபுலமே சான்று தருகிறது. முதலாம் இராசராசன் தன் மகள் குந்தவையைக் கீழைச் சளுக்கிய விமலாதித்தனுக்குக் கொடுத்தான். அவர்களின் மகன் இராசராச நரேந்திரன் முதலாம் இராசேந்திரனின் மகள் அம்மங்கதேவியை மணந்தான். அவர்களின் மகனே 1070இல் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன். அவன் இரண்டாம் இராசேந்திரனின் மகள் மதுராந்தகியை மணந்தான். முதல் தலைமுறையில் இது அரசியல் ஏற்பாடு. இரண்டாம் தலைமுறையிலும் மூன்றாம் தலைமுறையிலும் மணமகள் மாமன் மகள். ஆதலின் அது முறை, அது உரிமை. தென்னிந்தியாவில் மணவுறவு தலைமுறைதோறும் மரபுரிமையாகத் தொடர்வதை லூயி துமோன் 1950களில் விளக்கினார். அரச குடிகளின் மணங்களையும் இந்நோக்கில் தாமஸ் டிரவுட்மன் 1981இல் வெளிவந்த தம் நூலில் ஆராய்ந்தார். பயன் கருதிய மணத்திற்குத் தமிழில் பழிப்புப் பெயர் தோன்றாமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். இன்றைய ஏற்பாடு நாளைய உரிமையாகிவிடும் சமூகத்தில், ஏற்பாட்டை மட்டும் தனியே பிரித்துப் பெயரிட இடமில்லை.

மொழிபெயர்ப்பாளருக்கு இங்கு மற்றொரு செய்தியும் உண்டு. வடமொழி மகாபாரதத்தைத் தெலுங்கில் ஆக்கத் தொடங்கிய நன்னயரைப் புரந்தவன் மேற்கூறிய இராசராச நரேந்திரனே. சோழன் மகள் வயிற்றில் பிறந்தவன் அவன். தெலுங்கின் முதற்பெரும் மொழியாக்கத்தைப் பேணிய மன்னன் ஓர் அரசியல் மணத்தின் மகன் என்பது எண்ணத்தக்கது.

8. முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படும் முடிவுகள் சில. பயன் கருதிய மணத்தைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரைத் தமிழில் ஒரே பெயர்ச்சொல்லால் தர முயல்வது பயனற்றது. 'வசதி' என்பது அவற்றுள் மிகவும் பிழையானது. தலைப்பு முதலிய இடங்களில் பெயர் தவிர்க்க இயலாததாயின் 'பொருத்தம்', 'தோது', 'சம்பந்தம்' என்பவற்றுள் சூழலுக்கு ஏற்றதைக் கொள்ளலாம். கதையின் உள்ளே, யார் கொடுத்தனர், யார் கொண்டனர், யார் செய்துவைத்தனர், யார் ஆட்பட்டனர் என்னும் வினாக்களை ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுப்பி, அவற்றிற்கு உரிய வினையைத் தேர்வதே மொழிபெயர்ப்பாளரின் பணி.

திறனாய்வுக்கும் இது பொருந்தும். மாமல்லன் குற்றவாளியா என்னும் வினா நீண்டகாலமாக வாசகரிடையே வழங்கிவருகிறது. அதற்குமுன் கேட்கப்படவேண்டியது, அம்மணம் எந்த வினையால் கூறப்படுகிறது என்பது. அவ்வாறு கேட்கும்போது பேசப்படாதிருந்த ஒருத்தியும் கண்ணுக்குப் புலனாகிறாள். கொடுக்கப்பட்டவளாக மட்டுமே வந்து, அரசியாக அமர்ந்து, தன் விருப்பம் வினவப்படாமலே கதையை விட்டு நீங்கும் வானமாதேவியே அவள். அவளுக்கு உரிய வினையைத் தவறாது தரும் மொழிபெயர்ப்பு, அவளுக்குப் புதினம் தராத கவனத்தையும் ஓரளவு தந்ததாகும்.